மக் டெக்கால்: சுட்டபின் ஊசித்துளை, சிவப்பு கறுக்கிறது, எழுத்து அறுகிறது. எங்கே தவறு?

பீங்கான்பழகுநர்:
வணக்கம். டெக்கால் தாளில் (நீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் படத்தாள்) ஸ்கிரீன் பிரின்ட் செய்து, கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) போட்ட மக்கில் ஒட்டிச் சுடுகிறேன். சுடும்வரை பார்க்க அழகாக இருக்கிறது. சூளையைத் திறந்தால் கலர் நிறைந்த பரப்பில் ஊசித்துளைகள், சிவப்பு பழுப்பும் கறுப்புமாக, சின்ன எழுத்துகள் நடுவில் அறுந்து. நார் போட்டுத் தேய்த்தால் கறுப்பும் கொஞ்சம் வருகிறது.

மக்: குர்ஜா (உத்தரப் பிரதேசத்தின் பீங்கான் ஊர்) வெள்ளை ஸ்டோன்வேர், அதாவது உயர் சூட்டில் சுட்ட கெட்டிப் பாண்டம். வாய் விட்டம் 85 மி.மீ., அடி 75, சரிவு உயரம் 95.
மெஷ் (ஸ்கிரீனின் வலைத்துணி): 90டி, அதாவது செ.மீ.க்கு 90 இழை, வெள்ளை நிறத் துணி.
கலர்: ஆன்கிளேஸ் (சுட்ட கிளேஸின் மேல் போடும்) கறுப்பும் காட்மியம் சிவப்பும். பவுடர் 100 கிராமுக்கு மீடியம் (பவுடரைக் குழைக்கும் திரவம்) 100 கிராம். சிவப்பு, கறுப்பின் மேல் ஏறி அமர்கிறது.
கவர்கோட் (படத்தைத் தாளிலிருந்து தூக்கும் பிசின் மேற்பூச்சு): பிரஷ்ஷால் இரண்டு கை.
சூளை: மின்சூளை. மூன்று மணி நேரத்தில் 780 டிகிரி, புகைத்துளை மூடியே இருந்தது, உச்சச் சூட்டில் சிறிது நேரம் நிறுத்தி வைக்கவில்லை.

சூளைக்கண்:
உங்கள் பட்டியலிலேயே பாதி விடை இருக்கிறது. ஆனாலும் ஊசித்துளை என்று ஒரே பெயரில் நான்கு வேறு நோய்களைச் சொல்கிறோம். ஒரு லென்ஸை எடுத்துப் பாருங்கள்.

எல்லா மக்கிலும் படத்தின் அதே இடத்தில் துளை இருந்தால் குற்றம் ஸ்கிரீனில். மெஷ் கண் அடைபட்டிருக்கும், அல்லது எமல்ஷன் (ஸ்கிரீனில் படத்தை உருவாக்கும் ஒளியுணர் பூச்சு) போட்டபோது தூசி விழுந்திருக்கும். கவர்கோட் போடுமுன் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அப்போதே தெரியும்.

மக்குக்கு மக் இடம் மாறினால், துளை வட்டமாக இருந்தால், அடியில் காற்றோ நீரோ மாட்டியிருக்கிறது. துளையின் ஓரம் சுருண்டு, பக்கத்தில் சிறு செதில் ஒட்டிக்கொண்டிருந்தால் கவர்கோட் வெடித்திருக்கிறது. படமே இல்லாத வெறும் கிளேஸிலும் சிறு குழிகள் இருந்தால் அது டெக்காலின் குற்றமே இல்லை. நீண்ட நாள் இருப்பில் கிடந்து ஈரம் உறிஞ்சிய மண், இரண்டாம் சூட்டில் ஆவியைக் கக்குகிறது. அப்படிப்பட்ட சரக்கை ஒட்டுவதற்கு முன்பே வெறுமனே ஒருமுறை சூளையில் காய்ச்சி எடுக்க வேண்டும்.

பீங்கான்பழகுநர்:
பார்த்தேன். இடம் மாறுகிறது. பெரும்பாலானவற்றில் ஓரம் சுருண்டிருக்கிறது, சில மட்டும் சுத்தமான வட்டம். வெறும் கிளேஸில் ஒன்றும் இல்லை.

சூளைக்கண்:
அப்படியானால் முதல் குற்றவாளி கவர்கோட், இரண்டாவது ஒட்டும் முறை.

பிரஷ்ஷை இன்றோடு விடுங்கள். பிரஷ் போன தடமெல்லாம் மேடுபள்ளம், மேட்டில் பிசின் கூடுதல். அந்தப் பிசின் ஏறக்குறைய 200-இலிருந்து 400 டிகிரிக்குள் எரிந்து வெளியேற வேண்டும். தடித்த இடத்தில் மேல்தோல் முந்திக்கொண்டு இறுகும், அடியில் வாயு சேரும், கலரைப் பிய்த்துக்கொண்டு வெடிக்கும். கவர்கோட்டுக்கென்று 32டி அல்லது 43டி ஸ்கிரீன் ஒன்று வைத்து ஒரே இழுப்பில் போடுங்கள். படத்தின் ஓரத்தைத் தாண்டி 3 மி.மீ. போதும். குறைந்தது 12 மணி நேரம் காயட்டும்.

ஒட்டும்போது: மக்கை ஸ்பிரிட்டால் துடையுங்கள், விரல் எண்ணெய்கூடக் காற்றைப் பிடித்து வைக்கும். 30 டிகிரி அளவு வெதுவெதுப்பான நீரில் தாள் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். வழுக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். ஊறவே விட்டால் பசை முழுக்கக் கரைந்து போய்விடும், பிடிப்பு இருக்காது. ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், ஓரத்திலிருந்து உள்ளே அல்ல. 24 மணி நேரம் காயாமல் சூளைக்குப் போகக் கூடாது. மழைநாள் என்றால் 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

மெஷ்77:
கலவையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 100-க்கு 100 ரொம்பத் தண்ணீர். மெஷ்ஷில் இறங்குவதில் பாதி மீடியம், சுட்டதும் அது போய்விடும், மிஞ்சுவது மெல்லிய கலர். எழுத்து அறுவதற்கு அதுவும் ஒரு காரணம். பவுடர் 100 கிராமுக்கு 60–65 கிராமில் தொடங்குங்க. பவுடரை முதலில் 110 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்துங்க. நம்ம ஊர்க் காற்றில் ஈரம் இழுத்துக் கட்டி கட்டும், அந்தக் கட்டிதான் மெஷ்ஷை அடைக்குது. கண்ணாடிப் பலகையில் கத்தியால் நன்றாக அரைத்து, ஒரு ராத்திரி மூடி வைத்துவிட்டு அச்சடிங்க. கத்தியைத் தூக்கினா தேன் மாதிரி மெதுவாக இறங்கணும்.

90டி மெஷ் சரிதான். நிறைந்த பரப்பு மட்டும் உள்ள படத்துக்கு 77டி கலரை இன்னும் தடிமனாக இறக்கும். ஆனால் வெள்ளைத் துணியில் ஒளி இழை வழியே பக்கவாட்டில் பரவும், மெல்லிய கோடு அடைபடும். மஞ்சள் துணி வாங்குங்க, எக்ஸ்போஷர் (எமல்ஷனுக்கு ஒளி காட்டும்) நேரம் கூடும். ஒரே ஸ்கிரீனில் அட்டையை நகர்த்தி நகர்த்தி ஐந்து வெவ்வேறு நேரம் வைத்துப் பார்த்து, கோடு முழுதாகத் திறந்த நேரத்தை எடுத்துக்கோங்க. 0.25 மி.மீ.க்குக் கீழே கோடு போட வேண்டாம். ஸ்குவீஜி (ஸ்கிரீனில் கலரை இழுக்கும் பட்டை) ரப்பர் 70–75 ஷோர் கடினம், முனை கூர்மையாக. தாளுக்கும் ஸ்கிரீனுக்கும் 2–3 மி.மீ. இடைவெளி.

பீங்கான்பழகுநர்:
நன்றி. சூடு? நார் தேய்த்தால் கறுப்பு வருகிறதே, 820 வரை போகலாமா?

மெஷ்77:
போங்க. கறுப்பு கிளேஸோடு இறுகவில்லை, சூடு போதவில்லை என்று அர்த்தம்.

சூளைக்கண்:
கறுப்புக்கு 820 சரி. அதே சூட்டில் சிவப்பை ஏற்றினால் இருப்பதும் போகும். ஒரே சுடுதலில் முடிக்க வேண்டுமென்றால் 800-இல் நிறுத்தி 15 நிமிடம் வையுங்கள். நயம் வேண்டுமென்றால் கறுப்பை மட்டும் 820-இல் சுட்டு, பிறகு சிவப்பை ஒட்டி 780-இல் இரண்டாம் சூடு. என் ஓட்டு இரண்டாவதற்கு, மின்கட்டணம் உங்களுடையது.

எதுவானாலும் 450 வரை மணிக்கு 120 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். புகைத்துளை திறந்திருக்கட்டும், மூடியை 2 செ.மீ. தூக்கி வைத்தால் இன்னும் நல்லது. பிசின் நாற்றம் நின்றபின் மூடியை இறக்கி, மணிக்கு 200 டிகிரியாக ஏற்றலாம். துளையை மூடிச் சுட்டால் புகை சூளைக்குள்ளேயே சுற்றும், ஆக்சிஜன் குறையும், காட்மியம் சிவப்பு முதலில் சாகும். மக்குகளை நெருக்கி அடுக்குவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

களிமண்காரி:
சிவப்பு கறுக்க இன்னொரு காரணமும் உண்டு. காட்மியம் சிவப்பு மற்ற கலர்களோடு சேராது. குறிப்பாக ஈயம் கலந்த கலரைத் தொட்டால் கருமையான ஈயச் சேர்மம் உண்டாகும். சிவப்பு, கறுப்பின் மேல் ஏறி அமரும்படி படம் போடாதீர்கள். சிவப்பு வரும் இடத்தைக் கறுப்புப் படத்தில் காலியாக வெட்டி விடுங்கள், நடுவே 0.2 மி.மீ. இடைவெளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புக்குத் தனிக் கத்தி, தனி ஸ்குவீஜி.

அடுத்து உங்கள் மக்கின் அளவு. வாய் 85, அடி 75 என்றால் கூம்பு. நேராக அச்சடித்த பட்டை அதில் படியாது, ஓரம் மடியும், மடிப்பில் காற்று தங்கும். உங்கள் வட்டத் துளைகளில் சில அங்கேதான் இருக்கும். படத்தை வில்லாக வளைக்க வேண்டும். வாய் விட்டத்தைச் சரிவு உயரத்தால் பெருக்கி, இரு விட்டங்களின் வித்தியாசத்தால் வகுங்கள்: 85 × 95 ÷ 10 = 807.5 மி.மீ. வாய்ப்பக்க வில்லின் ஆரம் அது. முழுச் சுற்றுக்கான கோணம் 180 × 85 ÷ 807.5, அதாவது ஏறத்தாழ 19 டிகிரி.

வாய் விளிம்பிலிருந்து 20 மி.மீ. இடம் வெறுமையாக விடுங்கள், உதடு படும் இடம். உள்பக்கம் ஆன்கிளேஸ் கலரே வேண்டாம். விற்பதாக இருந்தால் ஆய்வகத்தில் சோதியுங்கள்: 4 சதவீத அசிட்டிக் அமிலம், 22 டிகிரி, 24 மணி நேரம். இத்தகைய பாத்திரங்களுக்கு ஐரோப்பிய வரம்பு லிட்டருக்கு ஈயம் 4 மி.கி., காட்மியம் 0.3 மி.கி. வீட்டு வினிகரில் வைத்து நிறம் போகவில்லை என்பது சான்று ஆகாது. பவுடரைக் கையாளும்போது என்95 முகமூடி, துடைக்க ஈரத்துணி. துடைப்பம் கூடாது.

பீங்கான்பழகுநர்:
இரண்டு சுடுதல் முறையில் ஆறு மக் பார்த்தேன். துளை ஒரே மக்கில், அதுவும் கைப்பிடி அருகே. கறுப்பு நாருக்கு அசையவில்லை. சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது, ஆனால் மேல் தட்டில் இருந்த இரண்டில் மட்டும் பளபளப்பு குறைவு.

சூளைக்கண்:
கைப்பிடி அருகே ரப்பர் தகடு நுழையாது, அங்கே பஞ்சை வைத்து அழுத்துங்கள். பளபளப்புக்கு மேல் தட்டில் ஒரு சூட்டுக் கூம்பு (போதிய சூடு பட்டதும் சாயும் சிறு பீங்கான் கூம்பு) வைத்துப் பாருங்கள். தெர்மோகப்பிள் (சூளையின் சூட்டளவி) நடுத்தட்டில் இருந்தால் அது 780 காட்டும்போதும் மேலே குறைவாக இருக்கலாம். கூம்பு சாயவில்லை என்றால் நிறுத்தும் நேரத்தை 10 நிமிடம் கூட்டுங்கள், உச்சச் சூட்டை மாற்றாதீர்கள்.