கையடக்க ஆர்எஃப் (ரேடியோ அலை) கருவிகள்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஜன்னலோரம்:

சென்னை அபார்ட்மென்ட். என் ஹாம் ரேடியோ ஸ்டேஷன் மொத்தமும் ஜன்னல் திண்டின் அகலம்தான், டைனிஎஸ்ஏ அல்ட்ரா என்ற கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசரை (எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று திரையில் கோடாக வரையும் கருவி) வாங்கியதும் அதனால்தான். 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ்) இரைச்சலே எஸ்9 தாண்டி, பலமான சிக்னல் அளவுக்கு நின்றது. யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. திரையில் பார்த்தால் சுமார் 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு மேடு, வரிசையாக. ஏதோ ஸ்விட்சிங் சப்ளை (அடாப்டர்களுக்குள் இருக்கும் மின்சுற்று) என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எங்கள் வீட்டு மெயினை அணைத்துப் பார்த்தேன், மேடுகள் அசையவில்லை. சரி, ஆள் வெளியே இருக்கிறார் என்று கோஆக்ஸ் கேபிளில் செய்த சின்ன வளைய ஆன்டெனாவை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன்.

இரண்டாம் மாடியில் ஒரு பாட்டி வீட்டு வாசலில் கோடு ஜிவ்வென்று ஏறியது. கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். பாட்டி பொறுமையாக ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தார். மீன் தொட்டி விளக்கின் அடாப்டரைப் பிடுங்கியதும் மேடுகள் எல்லாம் பொத்தென்று விழுந்தன. சந்தோஷத்தில் கருவியைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “ஏம்பா, எங்க வீட்டுல பேசறதும் இதுல தெரியுமா?”

தெரியாது பாட்டி என்று எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். நல்ல அடாப்டர் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். 40 மீட்டர் சுத்தமாகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் நான் படியேறும் சத்தம் கேட்டால், போனில் பேசிக்கொண்டிருப்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

மருதமலை:

எங்கள் குழுவின் 2 மீட்டர் அலைவரிசை (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஸ்டேஷன். ரிக் (ரேடியோ) பக்கம் இருக்கும் மீட்டரில் எஸ்டபிள்யூஆர் 1.5, வருஷக்கணக்காக அசையாமல். அனுப்பிய சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு அது, 1 என்றால் ஒன்றுமே திரும்பவில்லை. ‘ஆன்டெனா அப்படியே நிக்குது’ என்று அதைப் போட்ட பெரியவருக்குப் பெருமை. ஆனால் 25 வாட் போட்டாலும் பக்கத்து ஊருக்கே தடுமாறித்தான் போய்ச் சேரும். மலை மறைக்கிறது, சீசன் சரியில்லை, எதிர்ப்பக்கம் ரிசீவர் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம்.

நான் நானோவிஎன்ஏவை (ஆன்டெனா, கேபிள், ஃபில்டர் அளக்கும் கையடக்கக் கருவி) எடுத்துப் போனேன். கீழே ஓப்பன், ஷார்ட், லோடு போட்டு கேலிபரேட் செய்து கேபிளை மாட்டினேன். 1.5 சரியாக வந்தது. மாடியில் நின்ற பையனிடம் ஆன்டெனாவைக் கழற்றச் சொன்னேன். “கழட்டிட்டேண்ணா” என்று கத்தினான். திரையில் 1.5. மறுபடி கேட்டேன். “கைல வச்சிருக்கேண்ணா!” 1.5தான்.

திறந்த முனை வந்த சிக்னலை முழுசாகத் திருப்பி அனுப்ப வேண்டும். எஸ்டபிள்யூஆர் எகிற வேண்டும். 1.5 என்றால் ரிட்டர்ன் லாஸ், அதாவது திரும்பி வருவதில் உள்ள குறைவு, 14 டெசிபல். சிக்னல் போகவும் வரவும் கேபிளைக் கடப்பதால் ஒரு வழிக்குக் குறைந்தது 7 டெசிபல். 25 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்ந்தது மிஞ்சிப்போனால் 5 வாட். மீதி கேபிளுக்கே சூடு. மேல் கனெக்டரை வெட்டியபோது கோஆக்ஸுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே பின்னல் கம்பி பச்சையும் கறுப்புமாகக் கிடந்தது.

பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார். “டேப் சுத்தினேனேப்பா” என்றார். சுற்றித்தான் இருந்தார். நான் இத்தனை பேர் முன்னால் அளந்து காட்டியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

சால்டர் சாமி:

ஜன்னலோரம் சார், பாட்டி விஷயத்துக்கு ஸ்பெக்ட்ரம் அனலைசர் எதற்கு? பாக்கெட் டிரான்சிஸ்டரை மீடியம் வேவில், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு நடந்திருந்தால் அடாப்டர் தானாகவே கத்திக் காட்டிக்கொடுத்திருக்கும். உள்ளே ஃபெரைட் ராட் ஆன்டெனா இருப்பதால் திருப்பித் திருப்பிப் பிடித்தால் திசையும் தெரியும். பாட்டிக்கும் சந்தேகம் வந்திருக்காது.

அடாப்டரை மாற்றியதும் வீண் செலவு. ஃபெரைட் போட்டிருக்கலாம். அதிலும் 7 மெகாஹெர்ட்ஸுக்கு 31 மிக்ஸ் என்ற ஃபெரைட் வகை. கடையில் கிடைக்கிறதே என்று 43 வாங்காதீர்கள், அது விஎச்எஃப் பக்கம்தான் நன்றாக வேலை செய்யும். கிளிப்பை ஒயரில் ஒரு முறை மாட்டிவிட்டு ‘ஒண்ணும் ஆகலை’ என்பார்கள். ஒயரை உள்ளே விட்டுச் சுற்ற வேண்டும். சுற்றை இரட்டித்தால் தடை ஏறத்தாழ நாலு மடங்கு. டிசி பக்கம் ஒன்று, ஏசி பக்கம் ஒன்று போட வேண்டும்.

டைனிஎஸ்ஏ வாங்கியவர்களுக்கு இன்னொன்று. யாரும் கேட்கவில்லை, தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஹேண்ட்ஹெல்டை (கையடக்க வாக்கிடாக்கி) நேராக அதில் செருகாதீர்கள். 5 வாட் என்பது +37 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்து எண்ணும் டெசிபல்). கருவி தாங்குவது +10, அதாவது 10 மில்லிவாட். 500 மடங்கு வித்தியாசம். நடுவில் 40 டெசிபல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) வேண்டும். விரல் நீளத்தில் எஸ்எம்ஏ (சின்னத் திருகு கனெக்டர்) அட்டென்யுவேட்டர் விற்கிறார்களே, அதன் மேல் 2 வாட் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், அதையும் பாருங்கள். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) பவரை இறக்கி, அங்கிருந்து கொஞ்சமாக ரெசிஸ்டர் வழியே எடுத்தால் நிம்மதி.

என் சம்பவம் சின்னது. புதிதாக லைசென்ஸ் வாங்கிய பையன் ஒருவன் மலிவு ஹேண்ட்ஹெல்டைக் கொண்டுவந்தான். 145 மெகாஹெர்ட்ஸில் அழுத்தினோம், 290ல் இரண்டாவது ஹார்மோனிக் (இரட்டிப்பு அலைவரிசையில் வரும் வேண்டாத சிக்னல்) வெறும் 30 டெசிபல் கீழே நின்றது. அமெரிக்க விதிப்படி பார்த்தாலும் குறைந்தது 40 இருக்க வேண்டும். பையன் திரையைப் பார்த்தான், ரேடியோவைப் பெட்டியில் வைத்தான். “எல்லாரும் இதைத்தானே சார் வச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

யாழ் சிற்றலை:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இடம் பிரச்சினை இல்லை, சாமான் வந்து சேருவதுதான் பிரச்சினை. தம்பி ஒருவர் 40 மீட்டர் மோர்ஸ் டிரான்ஸ்மிட்டர் கட்டினார். லோ பாஸ் ஃபில்டருக்கு (கீழ் அலைவரிசையை மட்டும் விடுவது) டி50-2, சிவப்பு வளையம், 17 சுற்று. கணக்குப்படி 1.4 மைக்ரோஹென்றி. நானோவிஎன்ஏயில் போட்டால் 7 மெகாஹெர்ட்ஸே போகவில்லை. 55, 60 டெசிபல் கீழே கிடக்கிறது.

அவர் சுருளைப் பிரித்தார், திரும்பச் சுற்றினார். கொண்டென்சர்களை மாற்றினார். எனாமல் உரிந்துபோக, புதுக் கம்பியில் மறுபடி. எனக்கு உறுத்தியது கோட்டின் போக்கு. 1 மெகாஹெர்ட்ஸில் பாதாளத்தில் தொடங்கி 7ஐ நோக்கி மெல்ல ஏறுகிறது. லோ பாஸ் கீழே தட்டையாக அல்லவா நிற்க வேண்டும்? எங்கேயோ கம்பி தொடாமல் இடைவெளி வழியாகக் கசிகிறது என்று அர்த்தம்.

டோர்ச் அடித்துப் பார்த்தோம். ஃபில்டரில் இருந்து வரும் குட்டி வயரின் முனையில், ஊசி இருக்க வேண்டிய இடத்தில் துளை. வைஃபை ரௌட்டருக்குரிய ரிவர்ஸ் எஸ்எம்ஏ. மரை கச்சிதமாக ஏறும், இறுகும், நடுவில் துளையும் துளையும் முகம் பார்த்துக்கொண்டு நிற்கும். பொதியில் எஸ்எம்ஏ என்றுதான் எழுதியிருந்தது.

வயரை மாற்றிய பிறகு, கழற்றி எறிந்த முதல் சுருளையே போட்டுப் பார்த்தோம். அதுதான் எல்லாவற்றிலும் திறம். தம்பி அதை மேசை லாச்சியில் வைத்திருக்கிறார். டிரான்ஸ்மிட்டரை அதற்குப் பிறகு தொடவில்லை.

ரிட்டயர்டு ரேடியோ:

மருதமலை தம்பி, ரிக் பக்கம் அளந்தால் கேபிளையும் சேர்த்துத்தான் அளக்கிறோம் என்று நாங்கள் அந்தக் காலத்திலேயே தலைபாடாக அடித்துக்கொண்டோம். அதற்கு விஎன்ஏ வேண்டியதில்லை, மேலே ஏறி ஆன்டெனாவைக் கழற்றும் ஆள்தான் வேண்டும். பெரியவரைக் குறை சொல்லாதீர்கள்.

நான் மகன் வீட்டுக்குக் குடிவந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு அலமாரித் தட்டு. பழைய வீட்டில் ஓர் அறை முழுக்க இருந்ததை என்ன செய்வது? ஜிடிஓவும் (காயில் எந்த அலைவரிசையில் ஒத்ததிர்கிறது என்று காட்டும் பழைய கருவி) மல்டிமீட்டரும் கூட வந்தன. ரிச்சி தெருவில் மிலிட்டரி சர்ப்ளஸாக வாங்கிய வால்வ் சிக்னல் ஜெனரேட்டரை ஒருவரும் இலவசமாகக்கூட எடுக்கவில்லை. இரண்டு ஆள் தூக்க வேண்டும். கடைசியில் காயலான் கடைக்காரர் வந்தார். தராசில் ஏற்றும்போது டயலைத் திருகிப் பார்த்தார், அது வெண்ணெயாகத் திரும்பியது. “ஓடுமா சார்?” என்றார். “நல்லா ஓடும்” என்றேன். “ஓடினாலும் எடைக்குத்தான் சார்.”

இப்போது மகன் நானோவிஎன்ஏ வாங்கிக் கொடுத்திருக்கிறான். எழுத்து பொடிப் பொடியாக இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்கிறேன். மற்றபடி குறை சொல்ல முடியாது. ஆனால் பவரை அளக்க நான் நம்புவது என் டம்மி லோடைத்தான். 1 கிலோஓம் 2 வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் 20ஐ இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே பற்றவைத்தால் 50 ஓம், 40 வாட் தாங்கும். வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் போடாதீர்கள், உள்ளே சுருள்கம்பி, ஆர்எஃபுக்கு அது காயில். ஒரு டையோடு, ஒரு கொண்டென்சர், மல்டிமீட்டர். 22 வோல்ட் சொச்சம் காட்டினால் 5 வாட். எல்லாம் சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கும். சீனாக்காரன் தயவு தேவையில்லை.

திருச்சி 80மீ:

ஐயா, நானோவிஎன்ஏவைச் சீனாவில் மலிவாகத் தயாரித்தது உண்மைதான். ஆனால் டிசைன் ஜப்பானில் எடி555 என்ற பெயரில் எழுதும் ஹாம் ஒருவருடையது. 2016லேயே நாமே கட்டிக்கொள்ளும் கிட்டாக வந்தது, 2019ல்தான் ஊரெல்லாம் பரவியது. டைனிஎஸ்ஏ நெதர்லாந்து எரிக் காஷூக்கின் வேலை. நம் பக்கமும் ஆள் இருக்கிறார். ஹைதராபாத் ஃபர்ஹானின் ஸ்வீப்பரினோ என்ற அளவுக் கருவியில் ஓர் ஆர்டுயினோ போர்டு, சிக்னல் உண்டாக்க ஒரு எஸ்ஐ570 சிப், அதை அளக்க ஒரு ஏடி8307 சிப், அவ்வளவுதான். அதைக் கட்டி ஃபில்டர் அளந்தவர்கள் இங்கேயே இருப்பீர்கள்.

சால்டர் சாமி அண்ணா, அந்த 290 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவிலிருந்துதான் வந்தது என்று எப்படி உறுதி செய்தீர்கள்? பெரிய சிக்னல் உள்ளே போனால் டைனிஎஸ்ஏவே ஹார்மோனிக் உண்டாக்கும். உள் அட்டென்யுவேஷனை 10 டெசிபல் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு உச்சிக்கும் உள்ள இடைவெளி மாறவில்லை என்றால் ரேடியோ குற்றவாளி, இடைவெளி கூடினால் கருவி. பாவம் அந்தப் பையன்.

என் சம்பவம்: 80 மீட்டர் அலைவரிசைக்கான டைபோலை (இரண்டு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) மொட்டைமாடியிலிருந்து அளந்துகொண்டிருந்தேன். 3.5லிருந்து 3.7 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்டபிள்யூஆர் வளைவு வழுவழுப்பாக இறங்கி ஏற வேண்டும். எனக்கு ரம்பப்பல் மாதிரி வந்தது. கேலிபரேஷன், கனெக்டர் எல்லாம் சரி. 50 ஓம் லோடு போட்டால் கோடு சுத்தம், டைபோல் போட்டால் பல். கருவியை நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக அளக்கிறது.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு மறுபடி மாடி ஏறினேன். பக்கத்தில் பாக்கெட் ரேடியோவில் திருச்சி வானொலி. ஒலிபரப்பு முடிந்து கேரியர் (நிலையம் அனுப்பும் அலை) போன நொடி ரேடியோவில் உஸ் என்று இரைச்சல். கையிலிருந்த திரையில் பற்கள் அத்தனையும் மறைந்து, பாடப்புத்தகத்தில் போட்ட மாதிரி ஒரு வளைவு. 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட். என் 40 மீட்டர் நீளக் கம்பி அதை வாரி எடுத்து நானோவிஎன்ஏவின் மிக்சருக்குள் (சிக்னல்களைக் கலக்கும் உள்பகுதி) கொட்டியிருக்கிறது. அதன் முன்னால் ஃபில்டர் கிடையாது, வருவது எல்லாம் உள்ளே போகும்.

இப்போது மீடியம் வேவைத் தடுக்கும் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் மாட்டி, அதையும் சேர்த்தே கேலிபரேட் செய்கிறேன். பகலிலும் அளக்க முடிகிறது. உறுத்துவது வேறு: அந்தப் பல் வளைவை நம்பி என் நண்பன் அவன் டைபோலை இரண்டு பக்கமும் வெட்டிக் குட்டையாக்கியிருந்தான். அவன் வீடு என் தெருவைவிடத் தள்ளி, அங்கே அந்தப் பிரச்சினையே கிடையாது. என் வீட்டுப் படத்தைப் பார்த்து அவன் கம்பியை ஏன் வெட்டினான் என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

சால்டர் சாமி:

தம்பி, 40 டெசிபல் கழித்து உள்ளே போனது -3 டிபிஎம். அட்டென்யுவேஷன் ஆட்டோவில் இருந்தது. கருவி அந்த அளவுக்கெல்லாம் கலங்காது. அதே செட்டப்பில் என் பழைய மொபைல் ரிக்கை லோ பவரில் வைத்துப் பார்த்தபோது 290ல் ஒன்றுமே இல்லை. பையனின் ரேடியோதான் குற்றவாளி. பாவம் பார்க்க வேண்டியது 290ல் இருப்பவர்களை.

யாழ் நண்பருக்கு: நானோவிஎன்ஏ முனைகளில் ஒரு எஸ்எம்ஏ அடாப்டரை நிரந்தரமாக விட்டுவிடச் சொல்லுங்கள். தேய்ந்தால் அடாப்டர்தான் தேயும். இறுக்கும்போது நட்டைத்தான் திருக வேண்டும், கேபிள் உடம்பை அல்ல.

யாழ் சிற்றலை:

நன்றி அண்ணை. அது ஏற்கனவே போட்டிருக்கு.

ஜன்னலோரம்:

ரிட்டயர்டு சார், அந்த ஜிடிஓவை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மருதமலை, கேபிள் மாற்றினீர்களா இல்லையா? சொல்லவே இல்லையே.

மருதமலை:

மாற்றியாச்சு. ஆர்ஜி-213 கேபிள், மேலே கனெக்டருக்கு வல்கனைசிங் டேப், அதன் மேல் கீழிருந்து மேலாகச் சாதா டேப். பெரியவரே உட்கார்ந்து சுற்றினார், வேறு யாரையும் தொட விடவில்லை. போன ஞாயிறு நெட்டில் (ஹாம்கள் ரேடியோவில் கூடிப் பேசும் நேரம்) இதுவரை எங்களைக் கேட்டிராத ஸ்டேஷன்களெல்லாம் ரிப்போர்ட் கொடுத்தார்கள்.

ஆனால் ரிக் மீட்டரில் இப்போது எஸ்டபிள்யூஆர் 1.8. ஆன்டெனா உண்மையில் அப்படித்தான் இருந்திருக்கிறது, பழைய கேபிள் அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. மேலே ஏறி மேட்சை லேசாகச் சரிசெய்ய வேண்டும், பெரிய வேலை இல்லை. எங்கள் பொருளாளர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். “பழசு 1.5 காட்டுச்சு. இவ்வளவு காசு போட்டு 1.8 ஆக்கி வச்சிருக்கீங்க” என்று பில்லில் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார்.