புதுப்பிப்பு: டிமொராஸோவும் சாக்ரான்டினோவும் ருசித்த பின்

பரோலோ, கியான்டி தவிர இத்தாலியின் வேறெந்த ஒயின்களைச் சுவைக்கலாம் என்று சென்ற மாதம் இதே இழையில் கேட்டிருந்தேன். நீங்கள் பரிந்துரைத்தவற்றுள் மூன்றை ருசித்துவிட்டேன்.

என் மனத்தை முழுமையாகக் கவர்ந்தது வடமேற்கு இத்தாலியின் பியட்மான்ட் வட்டாரத்தின் தென்கிழக்கே, டொர்டோனா குன்றுகளில் விளையும் டிமொராஸோ என்னும் வெள்ளை ஒயின். ஏறத்தாழக் கைவிடப்பட்டிருந்த இத்திராட்சையை வால்டர் மாஸா என்ற விவசாயி 1980களில் விடாப்பிடியாக மீட்டெடுத்திராவிட்டால், தேனும் ஈரக்கல்லும் கலந்தாற்போன்ற அந்த மணத்தை இன்று நாம் அறிந்திருக்கவே மாட்டோம். மிகவும் குளிர்ந்திருந்தபோது அதில் மணமே எழவில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் கழித்தே அது விரிந்தது.

வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலி வட்டாரத்தில், அதே பெயருள்ள திராட்சையிலிருந்து வரும் ஸ்கியொப்பெத்தீனோ என்னும் சிவப்பு ஒயினுக்கு இரண்டாமிடம். அதில் எழும் மிளகு மணம் கற்பனையன்று. மிளகில் உள்ள ரோட்டன்டோன் என்னும் சேர்மமே அத்திராட்சையிலும் இருக்கிறது.

நடு இத்தாலியின் உம்ப்ரியா வட்டாரத்துச் சிவப்பு ஒயினான மொன்டெஃபால்கோ சாக்ரான்டினோவைப் பற்றி மட்டும் தீர்ப்பை ஒத்திவைக்கிறேன். இத்தாலியின் உச்சத் தரச்சான்றான டிஓசிஜியை 1992இல் பெற்ற அந்த ஒயினின் துவர்ப்பு, வெறுமனே அருந்தியபோது நாவை இறுக்கிப் பிடித்தது; மறுநாள் வாட்டிய ஆட்டிறைச்சியுடன் அருந்தியபோதோ அதே துவர்ப்பு இதமாக இருந்தது. இன்னொரு புட்டியை ஐந்தாண்டுகள் கழித்துத் திறப்பதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.