மறுமொழி: கனோவும் கயாக்கும் மட்டும் விடுற காட்டு ஏரிக்கு என்ன சொல்?

எல்லாருக்கும் வணக்கம்,

கனோ, கயாக் எண்ட ஒடுக்கமான துடுப்புப் படகுகளை மட்டும் விடுற காட்டு ஏரிக்கு அண்ணை எழுதின "வள்ளக்குளம்" எண்ட சொல்லை ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தன், சரிவராது எண்டுதான் படுது. எங்கட பக்கம் வள்ளம் எண்டா இப்ப சனத்துக்கு எஞ்சின் பூட்டின பைபர் வள்ளம்தான் கண்ணுக்குள்ள வரும், கொக்கிளாயில ஆரையும் கேட்டுப் பாருங்கோ. எஞ்சினை மறிக்கிற ஏரிக்குப் போய் அந்தப் பேரை வைக்கிறதோ?

குளமும் இடிக்குது. குளம் எண்டா கட்டு இருக்கோணும், துருசு (மதகு) இருக்கோணும், மாரிக்கு மிச்சத் தண்ணி வழிஞ்சு வான் பாயோணும், கீழ வயல் கிடக்கோணும். இரணைமடுவும் முத்தையன்கட்டும் மனுசர் மறிச்ச தண்ணி. நாங்கள் பேர் தேடுற, அமெரிக்காவின்ர மினசோட்டாவில பவுண்டரி வோட்டர்ஸ் எண்ட காப்புவனத்து ஏரியள் பனிப்பாறை அரிச்ச பள்ளத்தில தானா நிண்ட தண்ணி. வில்பத்துக் காட்டில வில்லு எண்டு சொல்லுற நீர்நிலையளும் தானா உண்டானதுதான், அந்தச் சொல்லில எனக்கும் ஆசைதான், ஆனா அது மழைத்தண்ணி தேங்கிற ஆழமில்லாத பள்ளமெல்லோ. எங்கட வாய்க்குப் பழக்கமில்லாட்டிலும் ஏரி எண்டே கிடக்கட்டும்.

நான் சொல்லுறது துடுப்பேரி. கனோக்கு ஒரு பக்கம் அலகு வைச்ச துடுப்பு, கயாக்குக்கு ரெண்டு பக்கமும் அலகு, எண்டாலும் ரெண்டையும் கையாலதான் வலிக்கோணும், படகின்ர பேரை விட்டிட்டுத் துடுப்பைப் பிடிப்பம். தம்பி சொன்ன "மோட்டரில்லா ஏரி" பாதிதான் சொல்லுது, ஏனெண்டா அங்க பாய்மரப் படகும் விடேலாது, பாய்க்கு மோட்டர் எங்க இருக்கு?

இன்னொண்டு, முழுக் காட்டுக்கும் இந்தப் பேரைப் பூசாதேங்கோ. அந்தக் காப்புவனத்தில 1,000 ஏரிக்கு மேல கிடக்கு, அங்க மோட்டரைக் கட்டுப்படுத்தின 1978 சட்டத்துக்குப் பிறகும் சில ஏரியளில 10 இல்லாட்டி 25 குதிரைவலு எண்ட கணக்கில மோட்டர் ஓடலாம். அதுகள் துடுப்பேரி இல்லை.

ஓர் ஏரியில இருந்து மற்றதுக்குப் படகைத் தோளில தூக்கிக்கொண்டு போற பாதைக்கும் சொல் வேணும், அதுக்கு எங்களிட்ட காவுறது எண்ட நல்ல சொல் சும்மா கிடக்கு. காவுதடம் எண்டு வைப்பம். சில்லு வைச்சு உருட்ட அனேகமான இடத்தில விடமாட்டினம், உண்மையாவே காவத்தான் வேணும். தூரத்தை ராட் எண்ட அளவில சொல்லுவினம், ஒரு ராட் பதினாறரை அடி, கிட்டத்தட்ட ஒரு கனோ நீளம். இங்கிலிசில ராட் எண்டா கம்பு எண்டும் வரும், இதை மொழிபெயர்க்கிற ஆக்கள் தயவுசெய்து கம்பு எண்டு போட்டிடாதேங்கோ.

கயாக்கை நான் தொடேல்லை. அது இனுயிட் சனத்தின்ர சொல், கட்டுமரத்தை வெள்ளைக்காரன் அப்பிடியே எடுத்த மாதிரி நாங்களும் எடுப்பம்.

---

இன்னொருத்தரின்ர மறுமொழி: துடுப்பேரிக்கு நான் ஓம். தடம்தான் உதைக்குது, எங்கட காட்டுக்க தடம் எண்டா முயலுக்கு வைக்கிற சுருக்கு. காவுவழி எண்டு மாத்துங்கோ.