கேஸ் செக்: ‘அடிப்பூண்’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஈயத்தில் வார்த்த துப்பாக்கிக் குண்டின் அடியில் மாட்டும் சிறு உலோகக் கிண்ணத்தை ஆங்கிலத்தில் கேஸ் செக் (gas check) என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், இந்த இழையில் முன்வைக்கப்பட்ட ‘வாயுத்தடுப்பான்’ எனக்கு நிறைவாக இல்லை. ‘அடிப்பூண்’ என்பது என் பரிந்துரை.

முதலில் பொருளைப் பார்ப்போம். அமெரிக்காவில் குறிசுடுவோர் பலர் ஈயக் கலவையை உருக்கித் தாங்களே குண்டு வார்த்துக்கொள்கிறார்கள். வெறும் ஈயக் குண்டு அதிக வேகத்தில் போனால், சூடான வாயு அதன் ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரிக்கும். துப்பாக்கிக் குழலுக்குள் ஈயம் படியும், குறி சிதறும். அதனால் குண்டின் அடியைச் சற்றுக் குறுகலாக வார்த்து, அதில் சிறு செம்புக் கிண்ணம் ஒன்றை ஏற்றுகிறார்கள். பிறகு குண்டின் விட்டத்தைச் சரிசெய்யும் அளவு அச்சு வழியாக அதை அழுத்தும்போது கிண்ணத்தின் விளிம்பு ஈயத்தைக் கவ்விக்கொள்கிறது. கடைச் சரக்கை வாங்காதவர்கள் கூரை வேலைக்கு விற்கும் அலுமினியத் தகட்டில் வட்டு வெட்டி, அச்சில் அழுத்திக் கிண்ணமாக்குகிறார்கள். இதில் தகட்டின் தடிமன்தான் எல்லாம். மெலிந்த தகடு சரியாகக் கவ்வாமல் கழன்றுவிடும்.

சரி, ‘தடுப்பான்’ ஏன் வேண்டாம்? இந்தக் கிண்ணம் வாயுவைத் தடுப்பது மட்டுமல்ல, மெத்தென்ற ஈய அடி சிதையாமல் காக்கிறது, குழலில் படிந்த ஈயத்தைச் சுரண்டியும் விடுகிறது என்பார்கள் வார்ப்போர். வேலையை வைத்துப் பெயரிட்டால் ஒரு வேலைதான் பெயரில் நிற்கும். தவிர, ‘வாயுத்தடுப்பான்’ என்று தனியே பார்ப்பவர் அடுப்புக் குழாயின் வால்வு என்றுதான் நினைப்பார்.

பூண் என்றால் உலக்கை அடியில் மாட்டும் உலோக வளையம் என்று எல்லோருக்கும் தெரியும். மென்மையான பொருளின் முனையை வலிய உலோகத்தால் கவ்விக் காப்பது: இங்கே நடப்பதும் அதுவே. பூண் திறந்த வளையம், இது மூடிய கிண்ணம் ஆயிற்றே என்று கேட்கலாம். கைத்தடி நுனியில் மாட்டும் மூடிய பூணையும் நாம் பூண் என்றே சொல்கிறோம்.

மாட்டுக் கொம்பில் போடும் ‘குப்பி’யையும் யோசித்தேன். வடிவம் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ஈழத்து வாசகருக்கு அந்தச் சொல் நஞ்சுக்குப்பியை நினைவூட்டும். குண்டு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. பூண் ஏறும் குறுகிய அடிக்குப் ‘பூண்படி’, மாட்டுவதற்குப் ‘பூண் ஏற்றுதல்’, விளிம்பைக் கவ்வவைப்பதற்குப் ‘பூண் இறுக்குதல்’, பூண் இல்லாததற்கு ‘வெற்றடிக் குண்டு’. ‘வாயுத்தடுப்பான் இறுக்குதல்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

பீரங்கிக்கும் இச்சொல் பொருந்துமா என்று பார்த்தேன். 1870களின் இறுதியில், முன்வாய் வழியே குண்டிடும் பிரிட்டிஷ் பீரங்கிகளின் குண்டடியிலும் செம்புத் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அது வெடிப்பில் விரிந்து குழலின் உட்புறம் சுருளாக வெட்டிய வரிப்பள்ளங்களில் பதியும். அதையும் ‘அடிப்பூண்’ என்றால் குறை ஒன்றும் தெரியவில்லை.

‘தோட்டாப் பூண்’ மட்டும் வேண்டாம். தோட்டா என்பது குண்டும் வெடிமருந்தும் உறையும் சேர்ந்த முழுப்பொருள். பூண் ஏறுவதோ குண்டில். இலங்கை நண்பர்கள் குண்டை ‘ரவை’ என்பார்கள், தமிழ்நாட்டில் அது உப்புமா ரவையோடு குழம்பும். ‘அடிப்பூண்’ என்று நிறுத்திக்கொண்டால் அந்தச் சிக்கலும் இல்லை. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாகப் ‘பூண்படி’ பற்றி. இதைவிட நல்ல சொல் பட்டறைக்காரர் வழக்கில் இருக்கக்கூடும்.