விரல் கிளிப்பில் 97, ஆனால் மேடு ஏறினால் கால் ஓய்ந்துவிடுகிறது: ஆக்ஸிஜன் மெஷின் வாங்கலாமா?

சிப்புட்வாசி
வணக்கம். அப்பாவுக்கு 58 வயது, செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பழக்குலை வெட்டுபவர். இருதயம் பலவீனம், எக்கோ ஸ்கேனில் இ.எஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம். மருந்து தவறுவதில்லை. கால் வீக்கம் இல்லை, ராத்திரி மல்லாந்து படுக்க முடிகிறது. ஆனால் கடைத்தெருவிலிருந்து லயத்து (தோட்டக் குடியிருப்பு) மேடு ஏறும்போது பாதியிலேயே தொடை கனத்து, மூச்சு வாங்குகிறது. அப்போதும் ரத்த ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் விரல் கிளிப் 97 சதவீதம்தான் காட்டுகிறது. சொந்தக்காரர்கள் ஆக்ஸிஜன் மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்கும்போது கால் ஏன் ஓய்கிறது?

நாடிக்கணக்கு
இப்போதைக்கு மெஷினில் காசு போடாதீர்கள்.

மில்லுக்குக் குலை ஏற்றிப் போகும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி நிரம்பியிருக்கிறதா என்பதை மட்டும்தான் கிளிப் பார்க்கிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை நடை வந்தது என்று அதற்குத் தெரியாது. அப்பாவுக்குக் குறைந்திருப்பது அந்த லாரி நடை, அதாவது இருதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ரத்தம்.

கணக்கைப் பாருங்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 15 இருந்தால் ஒரு லிட்டர் ரத்தம் சுமார் 200 மில்லி ஆக்ஸிஜன் சுமக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளுகிறது, ஆக 1000 மில்லி போய்ச் சேருகிறது. உடம்பு எடுத்துக்கொள்வது 250தான், அதனால் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. மேடு ஏறும்போதுதான் விஷயம். நல்ல இருதயம் முழு உழைப்பில் 20 லிட்டர் வரை போகும், அதாவது 4000 மில்லி. பலவீனமான இருதயம் 8 லிட்டரிலேயே நின்றுவிட்டால் 1600தான். தசை கூடுதலாக உறிஞ்சிப் பார்க்கும், ஆனால் வருவதில் முக்கால் பங்குக்கு மேல் எடுப்பது கஷ்டம்.

இனி மெஷின். 97ஐ 100 ஆக்கினால் சுமை 3 சதவீதம்தான் ஏறும். லாரி ஒரு நடைகூட அதிகம் வராது. போதாக்குறைக்கு, தேவையில்லாத ஆக்ஸிஜன் ரத்தக்குழாயைச் சுருக்கும், பலவீனமான இருதயம் அதை எதிர்த்துத் தள்ள வேண்டிவரும். அளவு உண்மையிலேயே 90க்குக் கீழே இறங்கினால் அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கை குளிர்ந்திருந்தாலோ நகத்தில் மருதாணி இருந்தாலோ கிளிப் தப்பாகக் காட்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

படிக்கட்டு
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். இருதயம் என்ற பம்பை மட்டும் குறை சொன்னால், மருந்து கொடுத்து ரத்த ஓட்டத்தைக் கூட்டியதும் அன்றைக்கே நடை தேற வேண்டும். அப்படித் தேறுவதில்லை, வாரக்கணக்கில் ஆகிறது. ஏனென்றால் தசையே மாறிப்போயிருக்கிறது.

இருதயம் தளர்ந்தால் உடம்பு ரத்த அழுத்தம் விழாமல் காக்கப் பார்க்கும். அதற்காகக் கை கால் குழாய்களை இறுக்கி வைக்கும், உழைக்கும்போதுகூட அவை சரியாக விரியாது. மாதக்கணக்கில் இப்படியே இருந்தால் தொடையில் நிதானமாக நெடுநேரம் உழைக்கும் நார்கள் குறைந்து, சட்டென்று களைக்கும் நார்கள் கூடும். ஆக்ஸிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் குறையும். கொஞ்ச தூரத்திலேயே லாக்டிக் அமிலம் ஏறுவது அதனால்தான். அந்தத் தசை நரம்பு வழியாக மூளைக்குச் சேதி அனுப்பி மூச்சையும் வேகமாக்கும். அப்பாவுக்கு மூச்சு வாங்குவதில் ஒரு பங்கு நுரையீரலிலிருந்து அல்ல, தொடையிலிருந்து வருகிறது.

மகிழ்ச்சியான சேதி, இந்தப் பங்கைத் திருப்பலாம். டாக்டர் சம்மதித்த பிறகு, சமதரையில் 5 முதல் 10 நிமிடம் நடக்கட்டும், வாரம் 5 நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, வேகம் அவ்வளவுதான். பீட்டா பிளாக்கர் (இருதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவருக்கு நாடித் துடிப்பை அளவுகோலாக வைத்தால் ஏமாற்றும். வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டி 30க்குக் கொண்டுவாருங்கள். கூடவே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 8 தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், மூச்சை அடக்காமல். வெயிலேறும் முன் நடக்கட்டும்; உச்சி வெயிலில் தோல் ரத்தத்தைப் பங்கு கேட்கும். சாப்பிட்டவுடன் நடந்தால் வயிறு கேட்கும்.

மருந்துமேசை
இரண்டு பேரும் இரும்புச்சத்தை விட்டுவிட்டார்கள். ஹீமோகுளோபின் 10 என்றால் முதல் கணக்கில் 200 என்பது 134 ஆகிவிடும், ஆனால் கிளிப் அப்போதும் 97 காட்டும்! ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு குறைவாக இருக்கலாம், தசைக்கும் அது வேண்டும். ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பின் அளவு), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் 100க்குக் கீழே, அல்லது 100 முதல் 299க்குள் இருந்து சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த நோயில் இரும்பு மாத்திரை குடலில் சரியாக ஏறாது, ரத்தக்குழாயில் ஊசி வழியாக ஏற்றுவதுதான் பலன் தரும்.

இன்னொன்று. கால் வலிக்கிறது என்று கடையில் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வாங்கிப் போடவே கூடாது. உப்பையும் நீரையும் தேக்கி இருதயத்தை மூழ்கடிக்கும். ஃபியூரோசமைடு (நீர் பிரிக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவருக்குத் தசைப்பிடிப்பு வந்தால் பொட்டாசியம் பார்க்கணும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் நடந்தால் வலித்து நின்றால் விட்டுப்போனால், அது கால் குழாய் அடைப்பாக இருக்கலாம். பாதத்து நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிப்புட்வாசி
ரொம்ப நன்றி. இரும்புப் பரிசோதனை இதுவரை எடுத்ததில்லை, அடுத்த கிளினிக்கில் கேட்கிறோம். நடை தேறினால் மறுபடி குலை வெட்டப் போகலாமா? அதைத்தான் தினமும் கேட்கிறார்.

படிக்கட்டு
நடக்க முடிவதும் குலை வெட்ட முடிவதும் ஒன்றல்ல, தம்பி. அரிவாள் கட்டிய கம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும்போது தோளும் கையும் அசையாமல் இறுகி நிற்கின்றன. இறுகிய தசை தன் குழாயைத் தானே நசுக்கிக்கொள்ளும், ரத்த அழுத்தமும் விர்ரென்று ஏறும். இழுக்கிற நொடியில் மூச்சையும் அடக்குவார்கள். பிறகு 20 கிலோ குலையைத் தூக்கி வண்டியில் போடணும். இ.எஃப் 30ல் இதற்கு யாரும் சரி சொல்ல மாட்டார்கள். உதிரிப்பழம் பொறுக்குவதும் குனிந்து நிமிர்கிற வேலை, தலை சுற்றும். நாற்றுமேடை வேலை, எடைக் கணக்கு எழுதுவது மாதிரி ஏதாவது மாற்று வேலை தர முடியுமா என்று டாக்டர் கடிதத்தோடு தோட்ட ஆபீசில் கேட்டுப் பாருங்கள்.

காலையில் ஒண்ணுக்குப் போய்விட்டு, சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். 3 நாளில் 2 கிலோ கூடினால் அன்றைக்கு நடை வேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள்.