3,400 ரூபா எடுத்த பையன் மேல கேஸ் குடுக்கறதா, வேணாமா?

சாயங்கால டிபன், வேலூர்

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ல ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல பதினோரு வருஷமா தள்ளுவண்டியில டிபன் போடறேன். இட்லி, தோசை. பேஷண்டு கூட வந்த வடநாட்டுக்காரங்க கேக்கறதால சப்பாத்தியும் உண்டு. நான் பேசினா எழுத்தா மாறற மாதிரி என் பொண்ணு போன்ல வெச்சிக் குடுத்திருக்கா. அதுலதான் இதைச் சொல்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒம்பதரை இருக்கும். மாவு தீர்ந்துபோச்சின்னு வண்டிக்கு அடியில இருந்த இன்னொரு தூக்கை எடுக்கக் குனிஞ்சேன். நிமிர்ந்து பார்த்தா சில்லறை டப்பாவைக் காணோம். அன்னிக்கி வந்த வரவு மொத்தமும் அதுலதான், 3,400 ரூபா. சந்துல கம்பத்து விளக்கு அணைஞ்சி நாலு மாசம் ஆவுது. ஓடறது யாருன்னுகூடத் தெரியலை. கத்தினேன். ஆட்டோ ஸ்டாண்டு புள்ளைங்க தொரத்திக்கினு போய் பத்தே நிமிஷத்துல புடிச்சிக்கினு வந்துட்டாங்க.

இருபத்திரெண்டு வயசுப் பையன். ரெண்டு தெரு தள்ளி வீடு. மார்க்கெட்டுல மூட்டை எறக்கினவன், ரெண்டு மாசமா வேலை இல்லை. நல்லா அடிச்சிருக்காங்க, உதடு கிழிஞ்சிருந்தது. துட்டு ஒரு ரூபா கொறையாம கைக்கு வந்துச்சி. நோட்டுல என் கை மாவு ஒட்டி இன்னும் ஈரமா இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோவமும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் காலையில அவங்க அம்மா வந்தாங்க. பீடி சுத்தறவங்க, வெரல் நுனியெல்லாம் கருத்துப்போயிருக்கு. “இதுக்கு முன்ன ஒரு கேஸும் இல்லம்மா”ன்னு சொல்லிட்டு வாசல்லயே உக்காந்துட்டாங்க.

ஸ்டாண்டுக்காரங்க ஒரு புகார் எழுதிக்கினு வந்து கையெழுத்து போடுங்கக்கான்னு நிக்கறாங்க. அதுல 6,500 ரூபான்னு எழுதியிருக்கு. ஏன் இப்டின்னு கேட்டா, “அப்பதான் கேஸ் நிக்கும், ஆறு மாசம் உள்ள இருந்தாதான் புத்தி வரும்”னு சொல்றாங்க. அவங்க இல்லன்னா எனக்குத் துட்டு கெடச்சிருக்காது, அதை நான் மறக்க மாட்டேன். ஆனா உள்ள போட்டா நெஜமாவே புத்தி வருமா? இதையெல்லாம் கணக்கெடுத்துப் படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

குடியாத்தம் ஜவுளி

அக்கா, கையெழுத்துப் போடுங்க. எங்க கடையில 2019ல ஒருத்தனை இப்படித்தான் பாவம் பார்த்து விட்டோம். மூணே மாசத்துல பக்கத்துக் கடையில பூட்டை ஒடைச்சான். அந்தக் கடைக்காரர் எங்க அப்பாகிட்ட வந்து, “நீங்க அன்னிக்கி சொல்லியிருந்தா எனக்கு இது நடந்திருக்குமா?”ன்னு கேட்டார். அப்பாவால பதில் சொல்ல முடியலை. இன்னிக்கும் அந்தக் கேள்வி எங்க வீட்ல இருக்கு. நீங்க விட்டா அடுத்து பாதிக்கப்படறது இன்னொரு தள்ளுவண்டிக்காரம்மா.

காட்பாடி வாத்தியார்

அம்மா, நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன். நீங்கள் கேட்ட கேள்வியை வைத்தே வாழ்நாளெல்லாம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கள் துறையில் இருக்கிறார்கள்.

முதலில் அந்த 6,500. தயவுசெய்து அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303ஆம் பிரிவு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் முறையாகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, எடுத்ததைத் திருப்பியும் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான், ஜெயில் கிடையாது. புகார் எழுதியவருக்கு இந்த 5,000 கோடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. உங்கள் கையெழுத்து அந்தப் பையனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளும். தெரிந்தே பொய்த் தொகை எழுதிக் கொடுப்பது தனிக் குற்றம், அது உங்கள் தலையில் விழும். இன்னொன்று, கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ நுழைந்து எடுத்திருந்தால் பிரிவே வேறு, ஏழு வருஷம் வரை போகும். உங்களுடையது தெருவில் நிற்கிற வண்டி.

இனி உங்கள் கேள்வி. கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். 1992இல் நோபல் பரிசு வாங்கியவர். ஒருநாள் மாணவருக்குத் தேர்வு வைக்கப் போக நேரமாகிவிட்டது. காசு கொடுத்து ஸ்டாண்டில் வண்டியை விடுவதா, தெருவில் விட்டு அபராதச் சீட்டு விழுந்தால் பார்த்துக்கொள்வதா என்று மனக்கணக்குப் போட்டாராம். ஆரணி ரோட்டில் பைக் நிறுத்த இடம் தேடுகிற எல்லாரும் தினமும் போடுகிற கணக்குதான். தப்புச் செய்பவனும் மாட்டும் வாய்ப்பையும் மாட்டினால் வரும் நஷ்டத்தையும் பெருக்கிப் பார்க்கிறான் என்றார். அதன்படி தண்டனையை இரண்டு மடங்காக்கினாலும் ஒன்றுதான், பிடிபடும் வாய்ப்பை இரண்டு மடங்காக்கினாலும் ஒன்றுதான்.

பிறகு வந்தவர்கள் நிஜத்தில் அளந்து பார்த்தார்கள். இரண்டும் ஒன்றாக இல்லை. “மாட்டுவோம்” என்ற நினைப்பு தடுக்கிற அளவுக்கு “மாட்டினால் பத்து வருஷம்” என்பது தடுப்பதில்லை. இளம் வயதில் பத்து வருஷம் கழித்து வருவது யாருக்கும் கண்ணில் தெரியாது, பத்து நிமிஷத்தில் வருவது தெரியும். உங்கள் ஸ்டாண்டுத் தம்பிகள் பத்து நிமிஷத்தில் பிடித்தார்களே, பயம் அங்கேயே வந்துவிட்டது. (அடித்தது தவறு. அதைச் சொல்லாமல் என்னால் போக முடியவில்லை.)

நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்க ராஜஸ்தான் போலீசோடு சேர்ந்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் செய்தது. சில ஸ்டேஷன்களில் ஒரே இடத்தில் செக்கிங், சிலவற்றில் இடத்தை மாற்றி மாற்றி. தண்டனை எங்கும் ஒன்றே. ஒரே இடத்தில் நின்ற செக்கிங்கால் சொல்லும்படியான பலன் இல்லை. மாற்றி மாற்றி நின்ற இடங்களில் இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு விபத்துச் சாவுகள் 25 சதவீதமும் குறைந்தன. எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துபோனால் வேறு ரோட்டில் போய்விடுவார்கள் என்பது நமக்குப் புதிதா என்ன?

உங்களுக்கு நேராகப் பொருந்துவது அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் நடந்த ஆய்வு. அமண்டா ஏகன், ஜெனிஃபர் டோலியாக், அன்னா ஹார்வி மூவரும் செய்து 2023இல் வெளியானது. கேள்வி இதுதான்: அடிதடி இல்லாத சில்லறைக் குற்றத்தில் பிடிபட்டவரை வழக்கு நடத்துவதா, அங்கேயே முடித்து அனுப்புவதா? சும்மா ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் நல்ல பையனாகத் தெரிபவரைத்தானே விடுவார்கள். அதற்கு அவர்கள் பிடித்த வழி அழகானது. நம் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் யாருக்கு எந்த டாக்டர் என்பதை டோக்கன்தான் முடிவு செய்கிறது. ஒரு டாக்டர் எடுத்ததுமே ஸ்கேன் எழுதுவார், இன்னொருவர் பொறுத்துப் பார்ப்பார். பாஸ்டனிலும் எந்த வழக்கு எந்த அரசு வக்கீலிடம் போகிறது என்பது அன்றைய டூட்டியைப் பொறுத்தது. ஒருவர் கறார், ஒருவர் இளக்கம். ஆகவே ஒரே மாதிரி ஆட்கள் அதிர்ஷ்டத்தால் மட்டும் இரண்டாகப் பிரிகிறார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கில்லாமல் விடப்பட்டவர்கள் மேல் புது வழக்கு வரும் வாய்ப்பு 53 சதவீதம் குறைவு. முதல் முறை மாட்டியவர்களிடம்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது.

பாஸ்டன் எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து வேலூரில் ஒட்ட மாட்டேன். ஊர் வேறு, கோர்ட் வேறு. காரணத்தை மட்டும் பாருங்கள். வழக்கு என்றால் சத்துவாச்சாரி கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக நிற்பது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகும். “இன்னைக்கும் லீவா?” என்று மேஸ்திரி இரண்டு தடவை கேட்பார், மூன்றாவது தடவை வேறு ஆளை வைத்துக்கொள்வார். வேலை போனதால் திருடிய பையனுக்கு, வேலை கிடைக்காத வழியைத்தான் நாம் போட்டுக் கொடுக்கிறோம்.

குடியாத்தம் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. விட்டவர்களில் சிலர் திரும்பவும் செய்வார்கள், ஆய்வு அதை மறுக்கவில்லை. உங்கள் அப்பாவிடம் கேட்கப்பட்ட கேள்வி கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். உள்ளே போய் வந்ததால் கெட்டவன் பிறகு யார் கடையை உடைத்தான் என்று எந்த அப்பாவிடமும் யாரும் வந்து கேட்பதில்லை. அதனால் அந்த நஷ்டம் கணக்கிலேயே ஏறுவதில்லை.

கடுமை மட்டும் போதும் என்றால் ஜவ்வாது மலையில் தெரிந்திருக்க வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி பக்கத்து ஆட்கள்தான் அதிகம். சாவைவிடப் பெரிய தண்டனை ஏது? அதற்குப் பிறகும் ஆட்கள் போனார்கள், கைதானார்கள். மலையில் கிடைக்கும் கூலிக்கும் புரோக்கர் காட்டும் கூலிக்கும் நடுவே இருந்த பள்ளம் அப்படியே இருந்தது. மாட்டுகிறவன் கோடாலி பிடித்தவன், ஒருவன் போனால் இன்னொருவனைப் புரோக்கர் கூட்டி வருவான். என் வகுப்பில் அந்த மலைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்தப் பாடத்தை நடத்தும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பது சுலபமாக இல்லை.

கடைசியாக, அந்தக் கம்பத்து விளக்கு. நியூயார்க்கில் 2016இல் குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பெரிய விளக்குகள் வைத்தார்கள். இரவில் வெளியிடத்தில் நடக்கும் பெரிய குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. ஸ்டாண்டுத் தம்பிகளின் கோபம் முழுவதும் ஒரு மனுவாக அந்த விளக்குக்குப் போகட்டும்.

தொரப்பாடி ஓய்வு

சகோதரிக்கு வணக்கம். ஜெயில் வார்டராக இருபத்தொன்பது வருஷம் இருந்தவன். வாத்தியார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

உள்ளே இரண்டு வகை ஆள் உண்டு, தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி. தண்டனைக் கைதிக்கு வேலை உண்டு. எங்கள் ஜெயிலில் ஷூ தைப்பார்கள், போலீஸ்காரர் காலில் போடுகிற ஷூ. தோல் வெட்டத் தெரிந்துகொண்டு போய் வெளியில் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். விசாரணைக் கைதிக்கு அந்தக் கட்டாயமும் இல்லை, பழக்கமும் இல்லை. காலையில் பிளாக் திறந்தால் சாயங்காலம் அடைக்கிற வரைக்கும் கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? பத்து கேஸ் பார்த்தவனிடம். செயின் அறுக்க எந்த ஊர், திருட்டு பைக் எங்கே விலை போகும், எல்லாம் அங்கேதான் பாடம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022 கடைசியில் நாட்டின் ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் நூற்றுக்கு 75க்கு மேல். அந்தப் பையன் உள்ளே போனால் விசாரணைக் கைதிகள் பக்கம்தான் போவான்.

நார்வே நாட்டு ஆராய்ச்சி ஒன்றைப் பற்றி எங்கள் பயிற்சி வகுப்பில் ஒருவர் சொன்னார். அங்கே ஜெயிலுக்குப் போனவர்கள் ஐந்து வருஷத்துக்குள் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு 29 சதவீதப் புள்ளி, அதாவது நூற்றுக்கு 29 பேர் அளவுக்கு, குறைந்ததாம். முன்பு வேலை இல்லாமல் இருந்தவர்கள் உள்ளே தொழில் கற்று வெளியே வேலைக்குப் போனதால் வந்த பலன் அது. ஆகவே ஜெயில் என்றாலே கெடுதி என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கையெழுத்துப் போடுமுன் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பெண்களுக்கு ஆலோசனை இலவசம். உண்மைத் தொகையை எழுதி எப்படிக் கொடுப்பது, சமரசம் என்றால் எழுத்தில் எப்படி இருக்க வேண்டும், எல்லாம் சொல்வார்கள்.

ஆம்பூர் ஸ்டிச்சிங் லைன்

ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கேன்க்கா. ஆள் எடுக்கும்போது கேஸ் இருக்கான்னு கேப்போம். இருந்தா அந்த அப்ளிகேஷன் பாரம் அடியில போயிடும். அது எனக்கே பிடிக்கலை. கேக்காம விட்டா சரியாகுமான்னா அதுவும் இல்லை. அமெரிக்காவுல அந்தக் கேள்வியைத் தடை பண்ணிப் பார்த்தப்ப, பேரைப் பார்த்தே கறுப்பினத்து ஆளுங்களை முன்னைவிட அதிகமா ஒதுக்கினாங்கன்னு படிச்சேன். இங்கயும் சில தெருப் பேரு, சில காலனிப் பேரு பாரத்துல இருந்தாலே ஒதுக்கறதை நான் கண்ணால பார்த்திருக்கேன். கேஸே இல்லாத பையன்தானே இவன்? அதைக் காப்பாத்திக் குடுங்க. ஹெல்பர் வேலைக்கு அடுத்த மாசம் ஆள் எடுப்போம், அவனை நேர்ல வரச் சொல்லுங்க. நேரத்துக்கு வரானான்னுதான் மொதல்ல பார்ப்பேன்.

சாயங்கால டிபன், வேலூர்

எல்லாரோடதையும் என் பொண்ணு ரெண்டு தடவை படிச்சிக் காட்டினா. 6,500 எழுதின பேப்பரை ஸ்டாண்டுலயே திருப்பிக் குடுத்துட்டேன். பொய்த் தொகைக்கு கையெழுத்துப் போட என்னால ஆவாதுன்னு சொன்னேன். ரெண்டு பேருக்குக் கோவம், நேத்தும் இன்னிக்கும் வண்டிப் பக்கம் வரலை. மத்தவங்க விளக்குக்கு மனு எழுதலாம்னதும் ஒத்துக்கினாங்க. முப்பத்தொரு கையெழுத்து ஆயிருக்கு.

சட்ட உதவிக்குத் திங்கக்கிழமை அந்தப் பையனோட அம்மாவையும் கூட்டிக்கினு போறேன். குடியாத்தம் தம்பி, நீங்க சொன்னது எனக்கு மனசுல அறுத்துக்கினேதான் கீது. அதனால பையனை வரச் சொல்லி, எங்க சந்துல அஞ்சி கடைக்காரங்க முன்னாடி நிக்க வெச்சேன். உதட்டுல தையல் போட்டிருந்தான், சரியாப் பேச வரலை. ஆம்பூர் வேலையைச் சொன்னேன். எத்தனை மணி பஸ்ஸுன்னு கேட்டான்.

வெல்டிங் கடையில 180 ரூபா குடுத்து வண்டியோட சேர்த்து ஒரு பூட்டு டப்பா அடிச்சிட்டேன். விளக்கு இன்னும் எரியலை.