1950களின் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் விருப்பப் பாடம் என்பது உண்மையில் யாருடைய விருப்பம்?

கேள்வி – ஏட்டுப்புழு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் 1950களில் வெளியிட்ட ஆண்டு மலர்கள் சிலவற்றை மின்வடிவில் படித்துவருகிறேன். இறுதியாண்டு மாணவர்களின் படங்களுக்குக் கீழே சில பள்ளிகள் 'கல்லூரி ஆயத்தம்', 'வணிகம்', 'வேளாண்மை', 'பொது' என்று ஒரு குறிப்பையும் அச்சிட்டிருக்கின்றன. ஒருவர் லத்தீனும் வடிவியலும் படித்திருக்க, அடுத்த படத்தில் இருப்பவர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்திருக்கிறார். ஆனால் இருவரும் ஒரே பள்ளியின் சான்றிதழைப் பெற்று வெளியேறியிருக்கிறார்கள். செய்முறைப் பாடங்கள் தேர்ச்சிக் கணக்கில் மற்றப் பாடங்களுக்கு நிகராகச் சேர்ந்தனவா? அவற்றை மாணவரே தேர்ந்தெடுத்தாரா, அல்லது வேறு யாரேனும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்களா? மரவேலை வகுப்பு என்பது படிப்பில் பின்தங்கியவர்களை உட்காரவைக்கும் இடம் என்று பலரும் எழுதுகிறார்கள். அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

மறுமொழி – வரலாற்று வாசகி

முதல் கேள்விக்கு விடை எளிது. 1906 முதல் பரவிய கார்னெகி அலகு முறையில், ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு கிடைக்கும். நான்கு ஆண்டுகளில் 16 அலகுகளோ அதை ஒட்டிய எண்ணிக்கையோ சேர்ந்தால் சான்றிதழ் உறுதி. ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் பொதுவாகக் கட்டாயம். எஞ்சிய இடங்களைத் தட்டச்சு, மரவேலை, மனையியல், இசைக்குழு, இயந்திர வரைபடம் என்று நிரப்பிக்கொள்ளலாம். வேறுபாடு கல்லூரியின் வாசலில்தான் தெரியவரும். அங்கே பெரும்பாலும் ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, அயல்மொழி ஆகியவற்றின் அலகுகளையே எண்ணுவார்கள் என்பதால், பட்டறையில் சேர்த்த அலகுகள் சான்றிதழுக்கு உதவினவே தவிர, மேற்படிப்புக்கு அவ்வளவாக உதவவில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்டு மலர்களில் 'பட்டறை' என்று ஒரே பெயரில் வருவது உண்மையில் இரண்டு வெவ்வேறு படிப்புகளாக இருக்கலாம். ஒன்று, எந்த மாணவரும் தினம் ஒரு பாடவேளை படிக்கக்கூடிய பொதுக் கைவினைப் பாடம். மற்றொன்று, 1917ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசின் பணத்தில் நடந்த தொழிற்படிப்பு. வேளாண்மை, கைத்தொழில், மனையியல் ஆகியவற்றுக்குப் பணம் கொடுத்த அந்தச் சட்டம் நிபந்தனைகளையும் விதித்தது. கைத்தொழில் பள்ளிகளில் வாரம் 30 மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி நடக்க வேண்டும்; அதில் பாதி நேரமாவது பயன்தரும் வேலையாக இருக்க வேண்டும். வேளாண்மை மாணவர் ஆண்டுக்கு ஆறு மாதமாவது மேற்பார்வையில் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். ஆகவே அந்த மாணவர் சொந்தமாக ஒரு கன்றையோ சில ஏக்கர் சோளத்தையோ வளர்த்து, செலவையும் வரவையும் ஏட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டினார். இதைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மறுமொழி – தச்சுக்கை

பின்தங்கியவர்களின் இடம் என்ற பேச்சு எனக்கு எப்போதுமே எரிச்சலூட்டுவது. அப்படிப் பயன்படுத்திய பள்ளிகள் இருந்தன; ஆனால் அந்த வகுப்பில் கற்பித்தது என்ன என்று பார்க்காமலேயே பலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

முதலாண்டு மரவேலையில் புத்தகத் தாங்கியும் விளக்குத்தண்டும் செய்யத் தொடங்குவதற்கு முன், ஒரு பலகையைச் சதுரமாக்கக் கற்றாக வேண்டும். ஒரு முகத்தை இழைப்புளியால் சமமாக்கி, அதற்குச் செங்குத்தாக ஒரு விளிம்பை இழைத்து, அந்த இரண்டையும் அடிப்படையாகக் கொண்டே மற்றப் பக்கங்களைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மூலைமட்டத்தைப் பலகையில் வைத்து, சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். இரும்புக்கும் மரத்துக்கும் இடையில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடியும் இழைக்க வேண்டியதுதான். வடிவியல் பாடத்தில் செங்கோணம் கொடுக்கப்பட்டது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம், பட்டறையில் அதை உண்டாக்கியாக வேண்டும்.

இயந்திர வரைபடமும் அப்படித்தான். ஒரு பொருளின் முன்தோற்றத்தை வரைந்து, அதற்கு நேர் மேலே மேல்தோற்றத்தையும் வலப்பக்கத்தில் பக்கத் தோற்றத்தையும் வைப்பது அமெரிக்க வழக்கம். மூன்றையும் பார்த்து அந்தப் பொருளை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கத் தெரியாதவர் அதில் தேற முடியாது. பொறியியல் படிக்க எண்ணிய மாணவர்களும் இந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள்.

மறுமொழி – கூர்முனை

தட்டச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கல்லூரிக்குப் போகிறவரும் அலுவலகத்துக்குப் போகிறவரும் அருகருகே உட்கார்ந்த வகுப்பு அநேகமாக அது ஒன்றுதான். எழுத்து அச்சிடாத வெற்று விசைகள், சுவரில் தொங்கும் பெரிய விசைப்பலகைப் படம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆசிரியர் என்று நடந்த அந்த வகுப்பில் மதிப்பெண்ணில் தயவு தாட்சண்யத்துக்கு இடமே கிடையாது. ஐந்து விசையழுத்தங்கள் ஒரு சொல் என்று கணக்கு. கண்டிப்பான விதியில் ஒரு பிழைக்குப் பத்துச் சொற்களைக் கழித்துவிடுவார்கள். வேகமாக அடித்துத் தவறு செய்தவரைவிட நிதானமாக அடித்தவரே முன்னுக்கு வந்தார். சுருக்கெழுத்தில் அங்கே கிரெக் முறைதான் ஓங்கியிருந்தது; பிட்மன் முறையைப்போல் அதில் கோட்டின் தடிப்பால் ஒலி மாறுவதில்லை, நீளத்தால்தான் மாறும்.

மனையியலுக்கு வந்தால் விருப்பம் என்ற சொல் தடுமாறுகிறது. பாடம் வெறும் தையலும் சமையலும் அன்று. வேளாண்மைத் துறை 1943இல் வகுத்த ஏழு உணவுப் பிரிவுகளும், 1956இல் அவற்றைச் சுருக்கிய நான்கு பிரிவுகளும், குடும்ப வரவு செலவும், குழந்தை வளர்ப்பும் அதில் இருந்தன. ஆயினும் பெண்கள் அங்கே, ஆண்கள் பட்டறைக்கு என்ற பிரிவை மாணவர்கள் வகுக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டமும், அதன்கீழ் 1975இல் நடைமுறைக்கு வந்த விதிகளும் தொழில், வணிகம், மனையியல் வகுப்புகளைப் பால் அடிப்படையில் பிரிக்கக் கூடாது என்று பெயர் குறிப்பிட்டே சொல்ல வேண்டியிருந்தது.

ஏட்டுப்புழு

மூவருக்கும் நன்றி. அப்படியானால் ஒரு பையன் 'பொது' என்ற பிரிவில் போய் விழுவதை யார் முடிவுசெய்தார்கள்? பொது என்றால் கல்லூரிக்கும் இல்லை, தொழிலுக்கும் இல்லை என்றுதானே பொருள்படுகிறது?

மறுமொழி – வரலாற்று வாசகி

சரியாகவே ஊகித்திருக்கிறீர்கள். 1945இல் வாஷிங்டனில் கூடிய தொழிற்கல்வியாளர்களின் மாநாட்டில் சார்லஸ் புரோசர் கொண்டுவந்த தீர்மானம், மாணவர்களில் 20 விழுக்காட்டினருக்குக் கல்லூரிக் கல்வியும், 20 விழுக்காட்டினருக்குத் திறன்தொழில் பயிற்சியும் பொருந்தும் என்றும், எஞ்சிய 60 விழுக்காட்டினருக்கு 'வாழ்க்கைக்கு இசையும்' கல்வி வேண்டும் என்றும் சொன்னது. பாதிக்கு மேற்பட்டவர்களை ஒரே மூச்சில் இப்படி எடைபோட்டது எனக்குத் துணிச்சலாகவே படுகிறது. வரலாற்றாசிரியர் ஆர்தர் பெஸ்டர் 1953இல் இந்தப் போக்கைக் கடுமையாகத் தாக்கினார்; 1957இல் சோவியத் ஒன்றியத்தின் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்த பிறகு அந்தத் தாக்குதலுக்குச் செவிசாய்ப்பவர்கள் பெருகினார்கள்.

நடைமுறையில், எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பிலேயே அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்ணையும் பழைய மதிப்பெண்களையும் வைத்துக்கொண்டு ஆலோசகரோ முதல்வரோ ஒரு திட்டத்தைப் பரிந்துரைப்பார், பெற்றோர் கையெழுத்திடுவார்கள். 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இந்த ஆலோசகர்களுக்கென்றே பணம் ஒதுக்கியது. அதற்கு அடுத்த ஆண்டு வெளியான தமது அறிக்கையில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், மாணவர்களை ஒட்டுமொத்தப் பிரிவுகளில் அடைக்காமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திட்டம் வகுக்கவேண்டும் என்றும், செய்முறைப் பாடங்களும் அதே கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்றும் எழுதினார். எழுதியதால் எல்லா இடத்திலும் நடந்துவிடவில்லை. 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளை விட்டு வெளிநடப்புச் செய்த மெக்சிக்க அமெரிக்க மாணவர்களின் குறைகளில், கல்லூரிப் பாடங்களை விட்டுத் தொழிற்பாடங்களின் பக்கம் தங்களைத் தள்ளுகிறார்கள் என்பதும் ஒன்று.

உங்களிடம் உள்ள மலர்களில் பாடப் பிரிவைவிடச் சங்கங்களின் பக்கத்தைப் பாருங்கள்; அது அதிகம் பேசும். நீலக் கார்டுராய் மேலங்கி அணிந்தவர்கள் 1928இல் தொடங்கிய வருங்கால அமெரிக்க உழவர் அமைப்பினர். 1969 வரை தேசிய அளவில் அதில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் படத்தில் பையன்களே நிற்பார்கள். தென்மாநிலக் கறுப்பினப் பள்ளி ஒன்றின் மலராக இருந்தால், அதே இடத்தில் 'புதிய அமெரிக்க உழவர்' என்ற தனி அமைப்பின் பெயரைக் காண்பீர்கள். அது 1965இல்தான் மற்றதோடு இணைக்கப்பட்டது.